60 வயதுக்கு மேல் இதயத்தைக் காப்பது எப்படி? வீட்டில் செய்ய வேண்டியவை, படிப்படியாக

பி.பி. பார்க்கும் மிஷின் இன்று பல வீடுகளில் இருக்கிறது. மாத்திரை டப்பாவுக்கும் பழைய எக்ஸ்ரே கவருக்கும் நடுவே கிடக்கும். அம்மாவுக்குத் தலை சுற்றினால் வெளியே வரும். பதற்றத்தோடு ஒரே ஒரு தடவை பார்ப்பார்கள். 170 என்று காட்டும். பயந்துபோய் ராத்திரி மாத்திரையை அப்போதே கொடுத்துவிடுவார்கள், சிலர் இன்னொன்றும் சேர்த்து. இரண்டு மணி நேரம் கழித்து அவர் குளியலறைக்கு எழுந்து போகும்போது கண் இருட்டி விழுவார். இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த பிறகுதான், அந்த 170 சரியாக அளந்த எண்தானா என்ற கேள்வியே வரும்.

60 தாண்டியவரின் ஆயுளையும் இதயத்தையும் தீர்மானிக்கும் விஷயங்களில் நம் கையில் இருப்பவை சில எண்கள், சில பழக்கங்கள், சில மாத்திரைகள். எண்களைச் சரியாக அளக்க வேண்டும், எழுதி வைக்க வேண்டும், மாத்திரையை யாரும் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. இந்த வழிகாட்டி பெரியவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே எழுதப்பட்டது.

வயதானால் பி.பி. கூடத்தான் செய்யுமா?

“வயசானா பி.பி. கொஞ்சம் கூடத்தான் இருக்கும். வயசோடு 100-ஐக் கூட்டிக்கோ” என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள். அந்தக் கணக்கு தவறு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948-இல் 5,209 பேரைத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினார்கள். உயர் ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகை ஆகியவை இதய நோயைக் கொண்டுவருகின்றன என்று உலகம் தெளிவாகத் தெரிந்துகொண்டதில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. பி.பி. வயதோடு ஏறுகிறது என்பது உண்மைதான். ஏறுவதால் கெடுதல் இல்லை என்பதுதான் பொய்.

வயது ஆக ஆக ரத்தக்குழாய் ரப்பர் தன்மையை இழந்து விறைத்துப்போகிறது. அதனால் மேல் எண் ஏறும், கீழ் எண் இறங்கும். 160/70 என்ற மாதிரி அளவு 70 வயதுக்காரர்களிடம் சகஜம். “கீழே இருக்கிறது நார்மல்தானே” என்று விட்டுவிடுவார்கள். இந்த வயதில் பக்கவாதத்தையும் இதயச் செயலிழப்பையும் (இதயம் ரத்தத்தைப் போதிய அளவு தள்ள முடியாமல் பலவீனப்படுவது) கொண்டுவருவது பெரும்பாலும் அந்த மேல் எண்தான்.

இவ்வளவு வயதுக்கு மேல் மருந்து எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. 80 வயதைத் தாண்டிய 3,845 பேரிடம் நடந்த ஹைவெட் ஆய்வு 2008-இல் வெளிவந்தது. 150/80 என்ற இலக்கை வைத்து மருந்து கொடுத்ததில் இறப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இதயச் செயலிழப்பு பாதிக்கும் கீழே போனது. 150 வரை என்பதைக் கவனியுங்கள். எல்லாருக்கும் 120 ஆக்கியே தீர வேண்டும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

படி 1: பி.பி.யைச் சரியாக அளப்பது

மிஷின் மேல்கையில் கட்டுவதாக இருக்கட்டும். மணிக்கட்டு மிஷினில் கையை வைக்கும் உயரம் சற்று மாறினாலும் எண் மாறும். வாங்கும் முன் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். பல மிஷின்களோடு வரும் பட்டை 22 முதல் 32 செ.மீ. கைக்குத்தான். பருத்த கையில் சிறிய பட்டையைக் கட்டினால் இல்லாத பி.பி. இருப்பதாகக் காட்டும்.

அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காபி, டீ, புகை, நடை வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்திருக்கும்படி நாற்காலியில் உட்காருங்கள். கால் தரையில் படிந்திருக்க வேண்டும். கால் மேல் கால் கூடாது. கட்டிலின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டுப் பார்ப்பது பல வீடுகளில் நடக்கும் தவறு. கையை மேசையில், பட்டை மார்பு உயரத்துக்கு வரும்படி வையுங்கள்; தேவைப்பட்டால் அடியில் ஒரு தலையணை. கை 10 செ.மீ. தாழ்ந்தால் எண் 7, 8 வரை கூடுதலாகக் காட்டும். பட்டையைச் சட்டை மேலேயோ சுருட்டிவிட்ட ரவிக்கைக் கைக்குக் கீழேயோ கட்டாமல் தோலின் மேல் கட்டுங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு பட்டனை அழுத்துங்கள். “எவ்ளோ காட்டுதுப்பா?” என்று கேட்டுக்கொண்டே பார்த்தால் எண் ஏறும். டிவியையும் அணைத்துவிடுங்கள்.

ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்க்க வேண்டும். முதல் எண் பெரும்பாலும் கூடுதலாகவே வரும். காலையில் மாத்திரைக்கும் டிஃபனுக்கும் முன்னால் இரண்டு, ராத்திரி படுக்கும் முன் இரண்டு என ஏழு நாள் எழுதுங்கள். முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மீதி ஆறு நாளின் சராசரியைப் பாருங்கள்.

நோட்டில் ஒரு நாள் பக்கம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: காலை 152/84, 146/82, இரவு 138/78, 136/80. முதல் எண்ணை மட்டும் பார்த்தவருக்கு 152. நான்கையும் கூட்டி வகுத்தால் 143/81. ஆறு நாளும் இதே போக்கு என்றால், இரவில் ஓரளவு கட்டுக்குள் இருக்கும் பி.பி., மருந்தின் வேகம் குறையும் விடியலில் ஏறுகிறது என்று மருத்துவருக்குப் புரியும். மாத்திரையின் அளவைக் கூட்டுவதா, நேரத்தை மாற்றுவதா என்று அவர் முடிவு செய்ய இந்த ஒரு பக்கம் போதும். அவருடைய அறையில் பதற்றத்தோடு எடுக்கும் ஒற்றை எண்ணை விட இது மேலானது.

வீட்டுச் சராசரி 135/85-க்கு மேல் போனால் அது உயர் ரத்த அழுத்தம். 65, 70 வயதில் திடமாக நடமாடுபவருக்கு இன்னும் கீழே, 130/80-க்கும் குறைவாகக் கொண்டுவரலாம். 80-ஐத் தாண்டியவர், தள்ளாடுபவர், அடிக்கடி விழுபவர் என்றால் மருத்துவர் இலக்கைத் தளர்த்துவார். இதற்கு உதவ இன்னொரு அளவையும் எடுங்கள்: உட்கார்ந்து பார்த்த பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் விழும் ஆபத்து உண்டு. சர்க்கரை நோயாளிகளிடமும், புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் போன்ற மாத்திரை எடுப்பவர்களிடமும் இது அதிகம். கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முதல் தடவை இரண்டு கையிலும் பாருங்கள். எண் கூடுதலாக உள்ள கையிலேயே இனி அளக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே 15-க்கு மேல் வித்தியாசம் நிலையாக இருந்தால் குறைவாகக் காட்டும் கையின் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம். “சீரற்ற துடிப்பு” என்ற குறியீட்டை மிஷின் திரும்பத் திரும்பக் காட்டினால் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு பக்கவாத ஆபத்தை ஏறக்குறைய ஐந்து மடங்காக்கும். பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது.

180/120-க்கு மேல் வந்தால்? ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து மறுபடி பாருங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் எதுவும் இருந்தால் உடனே 108. எதுவுமே இல்லையென்றால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். நிஃபெடிபின் காப்ஸ்யூலை உடைத்து நாக்குக்கு அடியில் விடும் பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம். பி.பி. சடாரென்று இறங்கி, அதுவே பக்கவாதத்தையும் மாரடைப்பையும் கொண்டுவந்துவிடும்.

படி 2: ஆண்டுக்கு ஒரு தடவை, இந்தப் பரிசோதனைகள்

முழு உடல் பரிசோதனை என்று 80 வரி ரிப்போர்ட் வாங்குவதை விட, தேவையானவற்றை ஒழுங்காகச் செய்வது நல்லது. எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு உள்பட கொழுப்பு அளவுகள், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் அதிலிருந்து கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். அளவும், சோடியம், பொட்டாசியம், சிறுநீரில் அல்புமின், ஹீமோகுளோபின், ஒரு ஈ.சி.ஜி. இவ்வளவு போதும். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மயக்கம் வருகிறது, அல்லது மருத்துவர் இதயத்தில் முணுமுணுப்பு கேட்கிறது என்கிறார் என்றால் எக்கோ என்ற இதய ஸ்கேன். வயதானவர்களுக்கு இதயத்தின் அயோர்ட்டிக் வால்வில் சுண்ணாம்பு படிந்து சுருங்குவது உண்டு. “வயசாச்சு, அதான் மூச்சு வாங்குது” என்று அதைத் தள்ளிப்போடுகிறோம்.

எல்.டி.எல். எண்ணை லேப் தாளில் உள்ள “நார்மல்” எல்லையோடு ஒப்பிடாதீர்கள். அந்த எல்லை இதய நோயே இல்லாதவருக்கானது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்தவர் என்றால் 55-க்குக் கீழே, சர்க்கரை உள்ளவருக்குப் பெரும்பாலும் 70-க்குக் கீழே, மற்றவர்களுக்கு 100-க்குக் கீழே என்பது இன்று மருத்துவர்கள் வைக்கும் இலக்கு. லைப்போபுரோட்டீன் (ஏ) என்ற பரிசோதனையை வாழ்நாளில் ஒரு தடவை செய்தால் போதும். அது பரம்பரையாக வருவது; தெற்காசியர்களிடம் கூடுதலாகக் காணப்படுவது. 50 மி.கி.க்கு மேல் இருந்தால் பிள்ளைகளும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சர்க்கரையில் பெரியவர்களுக்குத் தனிக் கணக்கு. திடமாக இருப்பவருக்கு ஹெச்பிஏ1சி 7 முதல் 7.5 வரை. பல நோய் உள்ளவர், மறதி உள்ளவர், தனியாக இருப்பவருக்கு 8 வரை பரவாயில்லை. 6-க்குக் கொண்டுவந்துவிட்டோம் என்று சந்தோஷப்படுகிற பிள்ளைகள் பலர் உண்டு. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு 6 என்றால் நடுராத்திரியில் சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து உண்டு. தாழ்சர்க்கரை இதயத் துடிப்பையே குலைக்கும். சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போட்டுக்கொள்வது இந்த வயதில் மிக ஆபத்தான பழக்கம்.

இடுப்புச் சுற்றளவும் ஒரு பரிசோதனைதான், காசில்லாமல் கிடைப்பது. விலா எலும்பின் அடிக்கும் இடுப்பெலும்பின் மேலுக்கும் நடுவே, மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். நம்மவர்களுக்கு எல்லை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.

படி 3: உப்பு பாக்கெட்டில் தேதி எழுதுங்கள்

ஒருவருக்கு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மட்டமாக எடுத்தால் ஒரு டீஸ்பூன். ஆனால் சமையலில் யார் ஆளுக்கு ஒரு ஸ்பூன் என்று அளந்து போடுகிறார்கள்? அதனால் வேறு வழி. புது உப்பு பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன்மேல் பேனாவால் தேதி எழுதுங்கள். நான்கு பேர் வீட்டில், ஆளுக்கு 5 கிராம் என்றால் நாளைக்கு 20 கிராம்; ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும். 25 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 10 கிராம் போகிறது. கல் உப்பும் தூள் உப்பும் தனித்தனி பாக்கெட் என்றால் இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஊறுகாய் போட்டது, கருவாட்டுக்குப் போட்டது இருந்தால் அதைக் கழியுங்கள். ஆனால் அதைச் சாப்பிடும்போது மறுபடி உடம்புக்குள்தான் போகிறது.

கல் உப்பு, இந்துப்பு, கடல் உப்பு எல்லாவற்றிலும் எடைக்கு எடை சோடியம் ஏறக்குறைய ஒன்றுதான். விலை கொடுத்து வாங்கும் நிறத்தால் பி.பி. குறையாது.

எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள்: அப்பளம், வடகம், மோர் மிளகாய், ஊறுகாய், கருவாடு, இட்லிப் பொடி, காராசேவு, பிரெட், பிஸ்கட். வாயுவுக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் நுரைப் பொடியிலும் சோடியம் நிறைய. தினமும் அதைக் குடிக்கும் பெரியவருக்கு எத்தனை பி.பி. மாத்திரை கொடுத்தாலும் கேட்காமல் போகலாம்.

ஒரே நாளில் உப்பைப் பாதியாக்கினால் சாப்பாடு தட்டிலேயே இருக்கும், சாப்பிடுவது குறையும், உடம்பு இளைக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கால் பங்கு குறையுங்கள். நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். சாதம் வடிக்கும்போதும் மோரிலும் உப்பு போடாமல், குழம்பில் மட்டும் இருக்கட்டும். எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு, கறிவேப்பிலை தூக்கிக் கொடுத்தால் குறை தெரியாது.

கடையில் விற்கும் குறைந்த சோடியம் உப்பில் சோடியத்துக்குப் பதில் ஒரு பங்கு பொட்டாசியம் இருக்கும். சீனாவில் 600 கிராமங்களில் அதைச் சோதித்தபோது பக்கவாதம் 14% குறைந்தது; 2021-இல் அந்த முடிவு வந்தது. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், ஸ்பைரனோலாக்டோன் என்ற சிறுநீர் மாத்திரை எடுப்பவர்களுக்கும் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இது விஷம் போல வேலை செய்யலாம். டெல்மிசார்டான், ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற பி.பி. மாத்திரை எடுப்பவர்களும் பொட்டாசியம் அளவைப் பார்க்காமல், மருத்துவரைக் கேட்காமல் மாற வேண்டாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. உப்பே இல்லாமல் சாப்பிட்டு, சிறுநீர் மாத்திரையும் எடுக்கும் பெரியவர் திடீரென்று தூங்கி வழிந்தால், குழம்பிப் பேசினால், தள்ளாடினால் சோடியம் தாழ்ந்திருக்கலாம். அறளை பெயர்ந்துவிட்டது என்று விட்டுவிடாமல் அன்றே ரத்தம் பாருங்கள்.

படி 4: தட்டில் என்ன இருக்க வேண்டும்

இளைத்துப் போவதும் இந்த வயதில் ஆபத்து. எடைக்குக் கிலோவுக்கு ஒரு கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு 60 கிராம். ராத்திரி இரண்டு இட்லி, காலையில் கஞ்சி என்று ஓட்டுபவருக்கு இதில் பாதி கூடக் கிடைக்காது. முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6, ஒரு கைப்பிடி பருப்பில் 7, 50 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் ஏறக்குறைய 10, நூறு கிராம் மீனில் 20 அளவுக்கு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மட்டும் கேட்டுக்கொண்டு கூட்டட்டும்.

எண்ணெய்க்கும் பாக்கெட் கணக்குதான்: ஆளுக்கு மாதம் அரை லிட்டர். அந்த அளவுக்குள் நல்லெண்ணெய், கடலை எண்ணெய் பயன்படுத்தலாம். தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லைக் கூட்டும், தினசரிச் சமையல் முழுவதும் அதில் வேண்டாம். வடை பொரித்த எண்ணெயை மறுபடி காய்ச்சாதீர்கள். சாதம் தட்டில் கால் பங்கு, காய் பாதி, மீதி பருப்போ மீனோ.

படி 5: நடை, அதைவிடக் கால் பலம்

வீட்டு வராந்தாவில் சுண்ணாம்புக் கட்டியால் 4 மீட்டர் தூரத்துக்கு இரண்டு கோடு போடுங்கள். முதல் கோட்டுக்கு ஒரு மீட்டர் முன்பிருந்தே நடந்து வரச் சொல்லி, இரண்டு கோட்டுக்கும் நடுவே எத்தனை விநாடி என்று செல்போனில் பாருங்கள். அவசரம் வேண்டாம், வழக்கமான நடை. 4 விநாடி என்றால் நல்ல நடை. 5-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். நடையின் வேகம் ஒருவர் இன்னும் எத்தனை ஆண்டு வாழ்வார் என்பதோடு நெருங்கிய தொடர்பு உள்ளது; 34,485 பேரின் கணக்கைச் சேர்த்து 2011-இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. கைப்பிடி பலமும் அப்படியே. இந்தியா உள்பட 17 நாடுகளில் நடந்த பியூர் ஆய்வில், பிடி பலம் 5 கிலோ குறையும்போதெல்லாம் இறப்பு அபாயம் 16% கூடியது.

அடுத்து, கைப்பிடி இல்லாத நாற்காலி. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது? 70 முதல் 74 வயதில் ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 10-க்குக் குறைந்தால் தொடை பலம் போதாது, விழும் வாய்ப்பு அதிகம். சோதனையே மருந்தும்கூட: தினமும் காலையும் மாலையும் பத்து தடவை எழுந்து உட்காருங்கள். சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது பதினைந்து தடவை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்து தடவை. மூச்சை அடக்கக் கூடாது, அடக்கினால் பி.பி. ஏறும்.

நடைக்கு 10,000 அடி என்ற இலக்கு 1965-இல் ஜப்பானில் விற்ற ஒரு காலடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. 60 தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடியிலேயே பெரும்பகுதிப் பலன் கிடைத்துவிடுகிறது. இதுவரை நடக்காதவர் ஒரு வேளைக்கு பத்து நிமிடம், நாளைக்கு இரண்டு வேளை என்று தொடங்கி, வாரம் ஐந்து நிமிடம் கூட்டி, நாளைக்கு அரை மணிக்குக் கொண்டுவரட்டும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். ரப்பர் செருப்பு வேண்டாம், பின்னால் வார் உள்ளது போடுங்கள். கத்திரி வெயில் காலத்தில் ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். சிறுநீர் மாத்திரை எடுப்பவருக்கு வியர்வையும் சேர்ந்தால் பி.பி. தாழ்ந்துபோகும்.

நடக்கும்போது நெஞ்சு, தாடை, இடது கை, மேல்வயிறு எங்காவது அழுத்தம் வந்து, நின்றால் ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறதா? மறுநாளும் அதே தூரத்தில் வருகிறதா? அது வாயு இல்லை. வாயுவுக்கு நடக்கிறோமா நிற்கிறோமா என்று தெரியாது. இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. அந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள். புதிதாக வந்தது, அல்லது முன்பைவிடக் குறைந்த தூரத்திலேயே வருகிறது என்றால் அன்றே.

படி 6: மாத்திரைகள், தவறு நடக்கும் இடங்கள்

வாரத்துக்கான கட்டங்கள் உள்ள டப்பா ஒன்று வாங்கி, ஞாயிற்றுக்கிழமை நிரப்புங்கள். மறதிக்கு அது போதும். மற்ற தவறுகள் மறதியால் வருபவை இல்லை.

முதல் தவறு, “பி.பி. நார்மல் ஆயிடுச்சு” என்று நிறுத்துவது. மாத்திரையால்தான் நார்மல் ஆனது. இரண்டாவது, இரண்டு மருத்துவர்கள். சர்க்கரை மருத்துவர் எழுதிய டெல்மிசார்டானும் இதய மருத்துவர் எழுதிய டெல்மிசார்டானும் வெவ்வேறு பிராண்ட் பெயரில் ஒரே டப்பாவில் இருக்கும். அட்டையில் பெரிதாக இருப்பது பிராண்ட். அதன் கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் பாருங்கள். மருத்துவரிடம் போகும்போது சீட்டை மட்டும் கொண்டுபோகாமல், சாப்பிடும் அத்தனை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

மூன்றாவது, வலி மாத்திரை. முழங்கால் வலிக்கு மெடிக்கலில் வாங்கும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் ஆகியவை பி.பி.யை ஏற்றும், உடலில் நீரைத் தேக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். இதயச் செயலிழப்பு உள்ளவர் ஒரு வாரம் எடுத்தாலே மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போகும் நிலை வரலாம். பாரசிட்டமாலும் மேலே தடவும் மருந்தும் போதுமா என்று முதலில் பாருங்கள்.

இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்றவற்றைச் சட்டென்று நிறுத்தினால் இதயம் படபடத்து மாரடைப்பு வரைக்கும் போகும். ஸ்டென்ட் வைத்தவர் பல் பிடுங்குவதற்காக, ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெலைத் தானே நிறுத்தினால் ஸ்டென்ட் உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். பல் மருத்துவரும் இதய மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும். சிறுநீர் மாத்திரையைக் காலையில் போடுங்கள். ராத்திரி போட்டால் இருட்டில் எழுந்து விழுவார்கள். வாந்தி, பேதி என்றால் அன்றைக்கு டெல்மிசார்டான், சிறுநீர் மாத்திரை, மெட்ஃபார்மின் ஆகியவற்றைப் போடலாமா என்று போனில் கேளுங்கள். நீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தை அடித்துவிடும். அம்லோடிபினால் கணுக்கால் வீங்குவது உண்டு, ராமிப்ரிலால் வறட்டு இருமல் வருவது உண்டு. நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் மாற்று இருக்கிறது.

ஆஸ்பிரின் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாரடைப்பு, ஸ்டென்ட், பக்கவாதம் வந்தவருக்கு அது உயிர் காப்பது. எதுவும் வராத 70 வயதுக்காரர் “ரத்தம் உறையாம இருக்கட்டும்” என்று தினமும் போடுவதில் பலன் இல்லை, ரத்தக்கசிவுதான் கூடுகிறது. 19,114 பேரிடம் நடந்த ஆஸ்ப்ரீ ஆய்வு 2018-இல் இதை உறுதிப்படுத்தியது.

செலவைக் காரணமாகச் சொல்லி நிறுத்தத் தேவையில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும்.

புகையிலை, தூக்கம், தடுப்பூசி

“இந்த வயசுல விட்டு என்ன ஆகப்போகுது?” பிரிட்டன் மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டு கவனித்த ஆய்வில், 60 வயதில் புகையை விட்டவர்களுக்குக் கூட மூன்று ஆண்டு ஆயுள் கூடியது. பீடியும் கணக்கில் சேரும், வெற்றிலையோடு போடும் புகையிலையும் சேரும். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் விடுவதற்கு உதவுகிறார்கள்.

குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுபவருக்குத் தூக்க மூச்சடைப்பு இருக்கலாம். மூன்று மாத்திரை போட்டும் பி.பி. இறங்காததற்கு அது ஒரு காரணம். ஃபுளூ ஊசி ஆண்டுக்கு ஒரு தடவை போட்டுக்கொள்ளுங்கள், நிமோனியா ஊசியையும் மருத்துவரிடம் கேளுங்கள். கடும் காய்ச்சலுக்கு அடுத்த நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது.

நெஞ்சு வலி வந்த அந்த முதல் மணி நேரம்

நெஞ்சில் பாறாங்கல் வைத்த மாதிரி அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை. இவை தெரிந்த அறிகுறிகள். வயதான பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சு வாங்கலாம், வாந்தி வரலாம், காரணமில்லாமல் உடம்பு துவண்டு போகலாம். சோடா, பெருங்காயம், ஓமத் தண்ணீர் என்று போகும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது.

108-ஐக் கூப்பிடுங்கள். மாடிப்படி இறங்க வைக்காதீர்கள், பைக்கில் உட்கார வைக்காதீர்கள். அலர்ஜியோ வயிற்றில் ரத்தக்கசிவோ இல்லாதவர் என்றால் ஆஸ்பிரின் 300 மி.கி.யை மென்று விழுங்கலாமா என்று 108-இல் பேசுபவரிடம் கேளுங்கள். முகம் கோணி, கை விழுந்து, பேச்சு குழறினால் அது பக்கவாதம். அதற்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. நான்கரை மணி நேரத்துக்குள் ஸ்கேன் எடுத்து ஊசி போடும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரர் தந்தால் கவனம். பி.பி. தாழ்ந்திருக்கும்போது வைத்தால் ஆள் சரிந்துவிடுவார். மருத்துவர் அவருக்கென்று எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும், உட்கார்ந்த நிலையில் வையுங்கள். வேகமாக இருமினால் பிழைக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். மூச்சும் அசைவும் நின்றுவிட்டால் மார்பின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருங்கள்.

பெரிய மருத்துவமனை தூரம் என்றால்? 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் ஆகியவற்றின் முதல் டோஸ் வைத்திருக்கிறார்கள். அடுத்து வேண்டியது ஈ.சி.ஜி., பிறகு அடைப்பைக் கரைக்கும் ஊசி, அல்லது பலூனால் அடைப்பைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி. தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை சிறிய மருத்துவமனைகளை ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் மையங்களோடு ஆம்புலன்ஸ் வழியாக இணைத்துப் பார்த்தபோது, ஓராண்டுக்குள் இறப்பவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். ஆகவே 24 மணி நேரமும் ஆஞ்சியோ செய்யும் மருத்துவமனை உங்கள் ஊரிலிருந்து எது, எவ்வளவு தூரம் என்று இன்றே விசாரித்து வையுங்கள்.

வீடு திரும்பிய பிறகு

இதயம் பலவீனப்பட்டவர் தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன் எடை பார்த்து எழுத வேண்டும். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது சதை இல்லை, நீர். கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுவது, ஒரு தலையணையில் படுத்தவர் இரண்டு கேட்பது, படுத்தால் இருமுவது ஆகியவையும் அதே சேதி. அன்றே மருத்துவரைக் கூப்பிட்டால் மாத்திரை மாற்றத்தோடு முடியும். ஒரு வாரம் விட்டால் ஐ.சி.யூ.

கடைசியாக, ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வாசற்கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள்: பெயர், வயது, இருக்கும் நோய்கள், ஸ்டென்ட் வைத்த தேதி, மாத்திரைகளும் அளவும், அலர்ஜி, பிள்ளைகளின் எண், போக வேண்டிய மருத்துவமனை. பழைய ஈ.சி.ஜி.யையும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையையும், ஆதாரையும் ஒரே கவரில் போட்டு அதன் அருகில் மாட்டுங்கள். பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் கேட் சாவி ஒன்றை நம்பிக்கையான பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள்.